குளுவாங் தோட்டக் கதை – 17: போர்வை போர்த்திய பழம்

முள்ளுத்தேங்காய் என்று நாம் அழைக்கும் செம்பனைப் பழத்தைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பார்க்காதவர் குளுவாங் தோட்டப்புறத்தில் இருக்க முடியாது. வெளியே மினுங்கும் தோல். அதை அடுத்து விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டும் போகாத ஆரஞ்சு நிறச் சதை. உள்ளே கறுப்பு ஓடு, அதற்குள் வெள்ளைப் பருப்பு. சதையில் ஓர் எண்ணெய், பருப்பில் வேறோர் எண்ணெய். பெரட்டுக்கு நின்று, மட்டை வெட்டி, குலை தள்ளி, உதிரிப் பழம் பொறுக்கிய மூன்று தலைமுறைக்கு இந்தப் பழத்தின் உருவம் கண்ணை மூடினாலும் தெரியும்.

அந்தக் கண்களையே திகைக்க வைத்த ஒரு பழம் உண்டு. அதைக் கையில் வைத்துப் பார்த்தால் உரிக்காத பூண்டு நினைவுக்கு வரும். நடுவில் பழம். அதைச் சுற்றி ஆறு சதைப்பற்றான பல்கள் எழும்பி, அதை மூடிப் பிடித்திருக்கும். வெட்டினால் பல நேரம் பருப்பே இருக்காது. மரத்தின் கோளாறு கடுமையாக இருந்தால் குலை பழுப்பதற்கு முன்பே அழுகிவிடும். மரம் ஓங்கி வளர்ந்திருக்கும், மட்டை பச்சைப் பசேலென்று இருக்கும், எண்ணெய் மட்டும் வராது. பழம் போர்வை போர்த்தியது போல இருப்பதால் ஆங்கில ஆய்வாளர்களும் அதே பொருள்படும் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். இந்தப் போர்வைக்குக் காரணம் கண்டுபிடிக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

சென்ற பகுதியில் 1981 பிப்ரவரியைப் பார்த்தோம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சின்னஞ்சிறு மகரந்த வண்டுகள் யூனிலீவரின் பாமோல் குளுவாங் தோட்டத்தில் பறக்கவிடப்பட்டன. அதுவரை மகரந்தப் பொடியை முகப்பவுடரோடு கலந்து ஒவ்வொரு பெண் பூவிலும் ஊதிக்கொண்டிருந்த பெண்களின் வேலையை அந்த வண்டுகள் எடுத்துக்கொண்டன. அதே நிறுவனம், அதே தோட்டத்தில், அதே ஆண்டுகளில் இன்னொரு பெரிய முயற்சியிலும் இறங்கியிருந்தது. வண்டு வென்றது. இரண்டாவது முயற்சி எல்லாரையும் கலங்கடித்தது. நம் தொடருக்கு அதுவே முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தத் தோல்வியிலிருந்து கிடைத்த பாடம் மனித நோய்கள் வரை நீள்கிறது.

ஒரு தோட்டத்தில் நூறு செம்பனை நட்டால் நூறும் ஒன்றாகக் காய்ப்பதில்லை. விதையிலிருந்து வரும் கன்று ஒவ்வொன்றும் தனிக் கலவை. நூறில் இரண்டு மூன்று மரம் மற்றவற்றைவிட மிக அதிகமாக எண்ணெய் தரும். அந்த மரத்தை அப்படியே நகல் எடுக்க முடிந்தால்? வாழைக்குப் பக்கக்கன்று உண்டு, ரப்பருக்கு ஒட்டுக்கட்டு உண்டு. செம்பனைக்கு இரண்டும் கிடையாது. உச்சியில் ஒரே ஒரு குருத்து. அதை வெட்டினால் மரம் போய்விடும். கிளை இல்லை, பக்கக்கன்று இல்லை, ஒட்டுக்கட்ட வழியும் இல்லை.

எனவே ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். இங்கிலாந்தில் யூனிலீவரின் ஆய்வு நிலையத்தில் எல்.எச். ஜோன்ஸ் 1974-இல் செம்பனைத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துக் கன்றாக்கும் முறையை வெளியிட்டார். பிரெஞ்சு ஆய்வாளர்களும் அதே காலத்தில் அதே வேலையில் இருந்தார்கள். திசுத் துண்டு முதலில் உருவமில்லாத ஒரு கட்டியாகத் திரளும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், அந்தக் கட்டியைப் பிரித்துப் பிரித்து வளர்ப்பார்கள். பிறகு அதில் கரு முளைக்கும், கருவிலிருந்து தளிர், தளிரிலிருந்து வேர். 1977-இல் இப்படி உருவான கன்றுகள் மலேசிய மண்ணில் நடப்பட்டன. குளுவாங்கில் யூனிலீவரின் ஆய்வாளர் கார்லியும் அவருடைய குழுவினரும் அவற்றைக் கவனித்துக் குறிப்பெடுத்தார்கள். தாய்மரத்தை உரித்து வைத்தாற்போலக் கன்றுகள் வளர்ந்தன. தொழிலே தலைகீழாக மாறப் போகிறது என்று பலர் நம்பினார்கள். நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் திசு வளர்ப்புக் கூடங்கள் எழுந்தன.

பிறகு மரங்கள் பூத்தன.

1986-இல் கார்லி குழுவினர் நகல் மரங்களில் காணும் பூக்குறையைப் பற்றி அறிக்கை எழுதினார்கள். ஆண் பூவில் மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் சூலகம் போன்ற ஒன்று முளைத்திருந்தது. பெண் பூவிலும் வளராமல் நின்றுவிட வேண்டிய ஆறு தாள்கள் சதையாகத் திரண்டு பழத்தைச் சூழ்ந்தன. ஒரு தாய்மரத்தின் நகல்களில் ஒன்றிரண்டு மட்டும் கெட்டுப்போகும். வேறொரு தாய்மரத்தின் நகல்களில் எல்லாமே கெட்டுப்போகும். தோட்டக்காரருக்கு இதில் மிகக் கொடியது காலம். கூடத்தில் ஆண்டுகள், நாற்றுமேடையில் ஒரு வருடம், நிலத்தில் இறங்கிப் பூக்க இரண்டரை மூன்று வருடம். உரமும் கூலியும் செலவழித்து, முதல் குலையைப் பார்க்கும் நாளில்தான் அந்த மரம் பயனற்றது என்று தெரியும். பல நிறுவனங்கள் நகல் நடவைச் சுருக்கிக்கொண்டன, சில கைவிட்டன.

அறிவியலாளர்களைத் துன்புறுத்தியது வேறு விஷயம். கெட்ட நகலுக்கும் நல்ல நகலுக்கும் டி.என்.ஏ. எழுத்து வரிசை ஒன்றே. இரண்டும் ஒரே திசுத் துண்டிலிருந்து வந்தவை. மரபணு உடைந்திருந்தால் உடைந்தபடியே இருக்க வேண்டும். ஆனால் சில மரங்கள் சில ஆண்டுகள் போர்வைப் பழம் தந்துவிட்டு, பிறகு தாமாகவே நல்ல பழத்துக்குத் திரும்பின. ஒரே மரத்தில் ஒரு குலை சரியாகவும் இன்னொரு குலை கோணலாகவும் வந்தது. மெண்டல் சொன்ன பரம்பரை விதி எதற்கும் இது அடங்கவில்லை. எழுத்து மாறாமல் பொருள் மாறுகிறது, பிறகு பழைய பொருளுக்கே திரும்புகிறது என்றால், எழுத்துக்கு மேலே வேறொன்று இருந்தாக வேண்டும்.

அந்த வேறொன்று எது என்று புரிய உலகத்தின் மற்ற மூலைகளில் நடந்த சில சோதனைகளைப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் நாம் படித்தது இது: டி.என்.ஏ.யில் கட்டளை இருக்கிறது, ஆர்.என்.ஏ. அதைப் படியெடுத்துக் கொண்டுபோகிறது, அதைப் பார்த்துப் புரதம் உருவாகிறது. ஆர்.என்.ஏ. வெறும் தபால்காரன். மனித டி.என்.ஏ.யில் புரதத்துக்கான கட்டளை ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடுதான். மீதியைப் பற்றிப் பேசும்போது சுசுமு ஓனோ 1972-இல் பயன்படுத்திய 'குப்பை டி.என்.ஏ.' என்ற சொல் வெகுகாலம் நிலைத்துவிட்டது. அந்தக் குப்பையிலிருந்தும் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, ஆனால் அது புரதமாவதில்லை என்பது தெரிந்தபோதும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. இதில் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. பயன் தெரியாததைக் குப்பை என்று பெயரிட்டு ஒதுக்கியதில் எத்தனை ஆண்டுகள் வீணாயின! புரதம் செய்யும் ரைபோசோமின் மையமே புரதமாகாத ஆர்.என்.ஏ.தான். அதன் அமைப்பைப் படமாக்கியதற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1990-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்கன்சன் குழுவினர் பெட்டூனியா பூவின் ஊதாவை ஆழமாக்க, நிறம் தரும் மரபணுவின் கூடுதல் படி ஒன்றைச் செருகினார்கள். பூ வெளுத்துப்போனது; கூடுதல் படி மரபணுவை வலுப்படுத்தாமல் அடக்கிவிட்டது. 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் ஒரு சிறு புழுவில், புரதமாகாத, இருபத்திரண்டு எழுத்தே உள்ள ஓர் ஆர்.என்.ஏ. இன்னொரு மரபணுவை அடக்குவதைக் கண்டார்கள். அது அந்தப் புழுவின் விநோதம் என்றே பலர் எண்ணினார்கள். அதற்கு நோபல் பரிசு வந்தது 2024-இல். 1998-இல் ஆண்ட்ரூ பயர், கிரெய்க் மெல்லோ இருவரும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. மரபணுவின் வாயை அடைக்கும் என்று காட்டினார்கள். 1999-இல் இங்கிலாந்தில் ஹாமில்டன், பால்கோம்ப் இருவரும் செடிகளில் இந்த வேலையைச் செய்யும் குட்டி ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்தார்கள். 2002-இல் நியூயார்க் அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் கூடத்தில் ராப் மார்ட்டியன்சன் குழு, ஈஸ்டில் இந்தக் குட்டி ஆர்.என்.ஏ.க்களே டி.என்.ஏ.யின் சில பகுதிகளைப் பூட்டி வைக்க உதவுகின்றன என்று கண்டறிந்தது. டி.என்.ஏ.யில் இடம் விட்டு இடம் மாறும் தாவும் மரபணுக்களை மக்காச்சோளத்தில் கண்டுபிடித்த பார்பரா மெக்ளின்டாக் நெடுங்காலம் உழைத்த இடம் அது. அந்த மார்ட்டியன்சன்தான் பிறகு நம் செம்பனைக்கு வந்தார்.

இங்கே சற்று நின்று நம் ஊர் ஆய்வு நிலையத்தைச் சொல்ல வேண்டும். மலேசிய செம்பனை வாரியத்தின் நிலையம் ஒன்று குளுவாங்கில் இருக்கிறது. 1973-இல் நைஜீரியாவின் காட்டுச் செம்பனைகளைத் தேடிச் சென்ற பயணத்தில் சேகரித்த விதைகள் 1975, 1976 ஆண்டுகளில் இங்கேதான் நடப்பட்டன. அந்தச் சேகரிப்போடு பிரிக்க முடியாத பெயர் டாக்டர் என். ராஜநாயுடு. நைஜீரியாவில் 45 இடங்களில் குலை சேகரித்தார்கள். மலேசியாவின் வணிகச் செம்பனை முழுவதற்கும் அன்னை, 1848-இல் ஜாவாவின் போகோருக்கு வந்த நான்கே நான்கு கன்றுகள். நான்கு மரத்தின் வாரிசுகளைப் பெரிதும் நம்பி ஒரு நாட்டின் தொழில் நிற்கக் கூடாது என்று உணர்ந்து, ஆப்பிரிக்க வகைகளை ஒரு சேமிப்பு போல இங்கே காத்து வைத்தார்கள். குளுவாங் வழியாக ரயிலில் போகிறவர்கள் ரயில் நிலையத்தில் காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். உலகின் மிகப் பெரிய செம்பனை மரபுக் களஞ்சியங்களில் ஒன்று பக்கத்திலேயே இருப்பது பலருக்குத் தெரியாது.

2013-இல் மலேசிய செம்பனை வாரியம் மார்ட்டியன்சன் கூடத்தோடும் ஓரியன் ஜெனோமிக்ஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து செம்பனையின் முழு மரபுத் தொகுதியை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. 180 கோடி எழுத்துகள். அதே இதழில், பழத்தின் ஓடு தடிப்பா மெலிசா என்று தீர்மானிக்கும் மரபணுவையும் அறிவித்தார்கள். முதல் ஆசிரியர் ராஜிந்தர் சிங். இந்தப் பணிகளுக்கெல்லாம் வாரியத்தில் தலைமை வகித்தவர்களுள் ஒருவர் டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. அந்த வரைபடம் கையில் வந்த பிறகுதான் போர்வைப் பழத்தின் முடிச்சு அவிழத் தொடங்கியது.

மரபணுவை எழுத்து மாற்றாமல் அடக்க உயிரணுக்களுக்கு ஒரு வழி உண்டு. டி.என்.ஏ.யின் மேல் மீத்தைல் என்னும் சிறு முத்திரையைக் குத்திவிடும். முத்திரை குத்திய இடம் வாய் திறக்காது. கெட்ட நகல்களில் இந்த முத்திரைகள் மொத்தத்தில் குறைந்திருப்பதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே கண்டிருந்தார்கள். எந்த இடத்து முத்திரை என்பதுதான் கேள்வி. வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லாவும் குழுவினரும் பல நிறுவனங்களிலிருந்து நல்ல நகல், கெட்ட நகல், திரும்பி நலமான நகல் எல்லாவற்றின் இலைகளையும் வாங்கி, மரபுத் தொகுதி முழுவதும் முத்திரைகளை ஒப்பிட்டார்கள். எங்கும் எப்போதும் தவறாமல் பொருந்தியது ஒரே இடம். 2015 செப்டம்பரில் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது.

அந்த இடத்தைத் தோட்டத்துக் கணக்கில் விளக்குகிறேன். பூவுக்கு மகரந்தத்தாள் அமைக்கச் சொல்லும் மரபணு ஒன்று உண்டு. டெஃபீசியன்ஸ் என்று பெயர். அதை ஆபீஸ் கிராணி வாசிக்கும் நீளமான ஆள் பெயர்ப் பதிவேடு, அதாவது செக்ரோல், என்று வைத்துக்கொள்வோம். செக்ரோலின் நடுவே, கிராணி வாசிக்காமல் தாண்டிப் போகும் பக்கங்கள் உண்டு. எப்போதோ ஒரு காலத்தில் அந்தப் பக்கங்களுக்குள் வேற்றுத் தாள் ஒன்று ஒட்டிக்கொண்டது. அது ஒரு பழைய தாவும் மரபணு. அதன் மேல் 'வாசிக்காதே' என்ற முத்திரை அழுத்தமாக விழுந்திருக்கும்வரை தொல்லை இல்லை. கிராணி அதைத் தாண்டி, கடைசிப் பெயர் வரை வாசிப்பார், ஆட்கள் எல்லாம் வேலைக்குப் போவார்கள். முத்திரை அழிந்தால் வேற்றுத் தாளையும் சேர்த்து வாசித்து, பாதியிலேயே செக்ரோலை மூடிவிடுவார். கட்டளை அரைகுறையாகப் போகிறது. மகரந்தத்தாள் வர வேண்டிய இடத்தில் சதை வளர்கிறது.

முத்திரையை யார் காக்கிறார்? உயிரணு பிரியும்போதெல்லாம் செக்ரோலுக்குப் புதுப் படி எடுக்க வேண்டும். புதுப் படியில் முத்திரை தானாக முழுமையாக வந்துவிடாது. அப்போதுதான் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் வருகின்றன. செடிகளில் இவை பெரும்பாலும் இருபத்துநான்கு எழுத்து நீளம். வேற்றுத் தாளின் ஒரு வரியையே கையில் சிட்டையாக வைத்துக்கொண்டு, எங்கே அந்த வரி பொருந்துகிறதோ அங்கே முத்திரை குத்தும் ஆளை அழைத்துப் போகின்றன. இவை எந்தப் புரதமும் செய்வதில்லை. இவற்றின் வேலை அடையாளம் காட்டுவது மட்டுமே. குடுவையில் உருவமற்ற கட்டியாகத் திசு வளர்ந்த அந்த நீண்ட மாதங்களில், இந்த ஓரிடத்துக்கான சிட்டைகள் குறைந்தன, முத்திரையும் போயிற்று. பிறகு மரமாக வளர்ந்த சிலவற்றில் முத்திரை மீண்டும் திரும்பியது, பழமும் திரும்பியது. முப்பது ஆண்டுப் புதிருக்கு விடை இது.

அந்தத் தாவும் மரபணுவின் பெயரைக் கேட்டால் நம்மவர்கள் வியப்பார்கள்: கர்மா. அந்தப் பெயரைச் செம்பனைக்காக வைக்கவில்லை. 2003-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லில் இதே வகைத் தாவும் மரபணு ஒன்றைக் கண்டார்கள். திசு வளர்ப்பில் அதன் முத்திரை தளர்ந்து அது விழித்துக்கொண்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் அது. முத்திரை உள்ள நிலையை நல்ல கர்மா என்றும் முத்திரை இழந்த நிலையைக் கெட்ட கர்மா என்றும் செம்பனை ஆய்வாளர்கள் எழுதினார்கள். முன்வினை பூவில் வந்து நிற்கிறது என்று நம் பாட்டிமார் சொன்னால் அதற்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்காது.

இது மரத்தோடு முடிந்துவிடவில்லை. கர்மா சேர்ந்த குடும்பத்தின் உறவினர்கள் நம் உடலிலும் இருக்கிறார்கள். மனித மரபுத் தொகுதியில் ஏறக்குறைய 17 விழுக்காடு ஒரே வகைத் தாவும் மரபணுவின் படிகள். 1988-இல் ஹைக் கசாசியன் குழு, இரத்தத்தை உறைய வைக்கும் காரணியின் மரபணுவுக்குள் இது புதிதாகப் புகுந்ததால் இரு குழந்தைகளுக்கு இரத்தம் உறையாத ஹீமோபிலியா வந்ததைக் காட்டியது. பல புற்றுநோய்க் கட்டிகளில் இதன் முத்திரை தளர்ந்திருப்பது இன்று நன்கு அறியப்பட்டது. விலங்குகளின் விந்தணு, கருமுட்டை வழிகளில் இந்தத் தாவும் மரபணுக்களை அடக்கி வைக்கத் தனியே ஒரு குட்டி ஆர்.என்.ஏ. கூட்டமே உண்டு. 2002-இல் ஜார்ஜ் காலின், கார்லோ குரோச்சே இருவரும் முதியவர்களுக்கு வரும் ஒரு வகை இரத்தப் புற்றில் இரண்டு குட்டி ஆர்.என்.ஏ.க்கள் காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். புரதம் செய்யாத ஒன்று தொலைந்தால் புற்று வரும் என்று முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான்.

இதையே மருந்தாக்கினார்கள். 2018-இல் அமெரிக்க அரசு பாட்டிசிரான் என்ற ஊசிக்கு அனுமதி கொடுத்தது. பரம்பரையாக நரம்பையும் இதயத்தையும் தாக்கும் ஓர் அபூர்வ நோய்க்கானது அது. கெடுதல் செய்யும் புரதத்தின் கட்டளையைக் குட்டி ஆர்.என்.ஏ. ஒன்று ஈரலிலேயே மறித்துவிடுகிறது. அந்த வகையில் அனுமதி பெற்ற முதல் மருந்து அதுவே. வெளுத்துப்போன பெட்டூனியா பூவிலிருந்து இருபத்தெட்டு ஆண்டுத் தொலைவு.

செம்பனைக்கும் பலன் கிடைத்தது. மகரந்தத்தாள் கோளாறு பூவில் தெரிந்தாலும் கர்மாவின் முத்திரை இலையிலேயே தெரியும். நாற்றுமேடையில் நிற்கும் கன்றின் இலையில் ஒரு சிறு வட்டம் வெட்டி அனுப்பினால், அது போர்வைப் பழம் தருமா என்று நிலத்தில் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடலாம். மலேசிய செம்பனை வாரியம் அந்தச் சோதனையை உருவாக்கியது. ஐந்தாறு ஆண்டு உழைப்பும் நிலமும் வீணாவதை ஓர் இலைத்துண்டு தடுக்கிறது. நல்ல நகலை மட்டும் நட்டால், அதே எண்ணெய்க்குக் குறைந்த நிலம் போதும். புதிதாகக் காடு அழிக்க வேண்டிய தேவை குறையும். இந்த ஆய்வுக்கு இதைவிடப் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

2015-இல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரைக்குள் ஒரு பெரிய உண்மை மறைந்திருக்கிறது. கெட்ட மரங்களை யாரோ வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பயனற்ற மரத்துக்கு எண் கட்டி, பூவுக்குப் பூ எண்ணி, எந்த வரிசையில் எந்த மரம் எந்த மாதம் திரும்பி நலமானது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த நோட்டு இல்லையேல் 2015-இல் ஒப்பிட மரமும் இல்லை, வரலாறும் இல்லை. அந்த வரிசைகளில் குனிந்து நின்று பூவை உரித்து எண்ணியவர்களின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை.

குளுவாங் பாமோலிலோ, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலோ, ஆய்வு நிலையத்திலோ 1970களிலிருந்து 1990கள் வரை வேலை செய்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் பேசுங்கள். கையால் மகரந்தம் ஊதிய அம்மாக்களும், நகல் மரத்துக்கு எண் கட்டிய மண்டோர்களும் இன்று பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள், பழைய புகைப்படமோ செக்ரோல் தாளோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள், நம் இதழுக்கும் ஒரு படி அனுப்புங்கள். அடுத்த பகுதியை அவர்களின் வாய்மொழியிலிருந்தே எழுத விரும்புகிறேன்.

(தொடரும்)